கண்ணாடி இல்லாத கேமரா

சயோவின் அப்பா மீன் சாப்பிடுவதைப் பார்த்தாலே போதும், கை எவ்வளவு பழகிய கை என்று தெரிந்துவிடும். குச்சிகளால் நடு முள்ளை நோகாமல் தூக்கி, முழுசாகத் தட்டின் ஓரத்தில் படுக்க வைப்பார். ஒரு முள்கூட ஒடியாது.

அன்றைக்கு ஒடிந்தது.

"மார்ச் கடைசி வெள்ளிக்கிழமையோட எங்க பிரிவை மூடறாங்க," என்றார் அப்பா, ஒடிந்த முள்ளைப் பார்த்தபடியே.

அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மிஸோ சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ கலந்தாகிவிட்டது.

"மூடறாங்கன்னா? இனிமே கேமராவே செய்ய மாட்டாங்களா?" என்று கேட்டாள் சயோ.

"செய்வாங்க. வேற ஊர்ல. வேற மாதிரி கேமரா."

"அப்ப அந்த வேற மாதிரியை நீங்க செய்யுங்க."

"அதுல கண்ணாடியே இல்லம்மா," என்றார் அப்பா. "நான் கண்ணாடி வேலைக்காரன்."

ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹிசானோ ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மறந்தாலும் மறக்கும், கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மறக்காது. மூன்றாம் வகுப்பில் எல்லோரையும் மலையடிவாரத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவார்கள். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு சின்னக் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி சட்டென்று எகிறி வழி விடுகிறது. படம் பதிவானதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 'படக்' என்று கேட்கிறதே, அது கண்ணாடி எழுந்து உட்காரும் சத்தம்தான்.

அந்தக் கண்ணாடியைச் சாய்வு பிசகாமல் பொருத்துவது அப்பாவின் வேலை. சயோ பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதான் வேலை.

புதுக் கேமராவில் வெளிச்சம் நேராக உள்ளே போய்விடுகிறது. உள்ளே ஒரு குட்டித் திரையில் படம் தெரிகிறது. எதுவும் எகிற வேண்டாம், உட்கார வேண்டாம்.

"புதுசு மோசமாப்பா?" சயோ ஆசையோடு கேட்டாள். மோசம் என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. சின்னது, கனம் இல்ல, பறக்கற குருவியைக்கூட விடாம பிடிக்குது. மோசமா இருந்திருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்."

அப்பாவுக்கு வேலை போகவில்லை. மாற்றல். அதுவும் பக்கத்தில் இல்லை, தெற்குக் கோடியில், கியூஷு தீவில். அம்மாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, சயோவுக்குப் பள்ளிக்கூடம். அதனால் அப்பா மட்டும் போக வேண்டும். விடுமுறைக்கு விடுமுறைதான் வர முடியும்.

இது ஊரில் யாருக்கும் நடக்காத விஷயம் இல்லை. சயோவின் நண்பன் கெய்தாவின் அப்பா ஒசாகாவில் தனியாகத்தான் இருக்கிறார். சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டதைப் போனில் பெரிய சாதனைபோலச் சொல்வாராம். ஆனால் அது கெய்தாவின் அப்பா. இது சயோவின் அப்பா. அவள் குளியல் தொட்டிக்குள் முகம் முங்கும்வரை இறங்கி உட்கார்ந்து அழுதாள். தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. வெளியே வரும்போது மூக்கு மிளகாய்ப் பழமாக இருந்தது. அம்மா தலையைத் துவட்டிவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் சயோ அப்பாவிடம் கேட்டாள்:

"கடைசி நாள் அன்னைக்கு வழியனுப்ப யாரெல்லாம் வருவாங்க?"

"யாரை வழியனுப்ப?"

"உங்களை. கேமராவை. ரயில் நின்னுபோனப்போ ஊரே வந்துச்சே!"

உண்மைதான். ஹிசானோவுக்கு வந்துகொண்டிருந்த ஒற்றைப் பெட்டி ரயில் கடைசியாக ஓடிய நாளில், நடைமேடையில் கால் வைக்க இடமில்லை. 'இத்தனை நாள் சுமந்ததற்கு நன்றி' என்று துணியில் எழுதிப் பிடித்தார்கள். பள்ளிக்கூட பேண்டு வாசித்தது. வாழ்நாளில் அந்த ரயிலில் ஏறாதவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். அப்பாவும் தோளில் சயோவை வைத்துக்கொண்டு கை ஆட்டினார்.

"ரயில் வேற," என்றார் அப்பா. "ஓய்வு வாங்கிப் போறவங்களுக்குக் கம்பெனில பூங்கொத்து குடுப்பாங்க. எங்களுக்கு மாத்தல்தானே? மாத்தலுக்குப் பூ கிடையாது."

"நான் பூவைக் கேக்கல. ஆளுங்களைக் கேக்கறேன்."

"யாரு வருவா? கடைசிக் கேமரா பெட்டிக்குள்ள போகும். நான் என் இடத்தைத் துடைச்சுட்டு வீட்டுக்கு வருவேன். அவ்வளவுதான். இதைப் பெருசாக்காத, சயோ."

சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போனார். இத்தனை வருடம் வேலை பார்த்த ஒருவர் திருடன்போல ஓசைப்படாமல் வீட்டுக்கு வருவதா?

பழைய ரயில் நிலையத்தின் படிகளில் கெய்தா உட்கார்ந்திருந்தான். ரயில் வராவிட்டாலும் அவன் வருவான். எந்த ரயில் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ஆள்.

சயோ எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "ரயிலுக்கு மட்டும் எல்லாரும் அழுதீங்களே!"

"ரயில்ல எல்லாரும் ஏறியிருப்பாங்க. கண்ணாடில யாரு ஏறுவா?"

"எல்லாரும்தான் ஏறியிருக்காங்க! உன் முதல் பிறந்தநாள் படம், மூஞ்சி பூரா கேக்கை அப்பிக்கிட்டு நிக்கிறியே, அதைக் கேமராலதானே எடுத்தாங்க? அந்தக் கேமராக்குள்ள இருக்கறது எங்க அப்பா வெச்ச கண்ணாடிதான்!"

கெய்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சயோ இருந்த கோபத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "ரயிலுக்கு நாம என்ன செஞ்சோம்? கை ஆட்டினோம். ஓட்டுநர் கடைசியா ஒரு தடவை ஹாரன் அடிச்சார். எனக்கு அதைக் கேட்டுத்தான் அழுகை வந்துச்சு. கேமராவுக்கு ஹாரன் கிடையாதே," என்றான்.

"படக்," என்றாள் சயோ.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யோசனை ரொம்ப எளிமையானது. ஊரில் முக்கால்வாசி வீடுகளில் இந்தத் தொழிற்சாலைக் கேமரா இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் அதைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வர வேண்டும். கண்ணாடிப் பிரிவு ஆட்கள் வெளியே வரும்போது ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். பள்ளி விடுமுறை விட்டாகிவிட்டதால் இருவரும் வீடு வீடாகக் கிளம்பினார்கள்.

முதல் வீட்டிலேயே யோசனை படுத்துவிட்டது.

"கேமரா இருக்கும்மா. ஆனா உயிர் இல்ல," என்றார் அந்த வீட்டுக்காரர். "சார்ஜரை எங்க வெச்சேன்னு தெரியல."

இரண்டாவது வீட்டிலும் அதே கதை. மூன்றாவது வீட்டில், "போன்லயே எடுத்துட்டா போதாதா?" என்று கேட்டார்கள். நூடுல்ஸ் கடை ஹோரி அத்தை அலமாரியைக் குடைந்து, பழைய போர்வைக்கு அடியிலிருந்து ஒரு கேமராவை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் வாங்கினது. அவர் போனப்புறம் யாரும் தொடல," என்றாள்.

தெருவுக்கு வந்ததும் கெய்தா தொப்பியைக் கழற்றிவிட்டான். "சயோ, எல்லாமே செத்துக் கிடக்கு. விட்டுடலாமா?"

சயோ நடைபாதைப் பனியைக் காலால் கிளறினாள். அவளுக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்போது ஒன்று உறைத்தது. ஒரே தொழிற்சாலைக் கேமராக்கள். எல்லா வீட்டிலும் பார்த்தது ஒரே மாதிரி பேட்டரி. அவள் வீட்டில் ஒரு சார்ஜர் இருக்கிறது.

"கேமராவை அவங்களே வெச்சுக்கட்டும்," என்றாள். "பேட்டரியை மட்டும் வாங்கிட்டு வருவோம்."

சமையலறையில் அரிசி வேகவைக்கும் குக்கருக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. அப்பா எட்டிப் பார்க்காத இடம். சயோ குக்கரின் வயரைப் பிடுங்கிவிட்டு சார்ஜரை மாட்டினாள். ஒவ்வொரு பேட்டரியிலும் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதினாள். ஒன்று நிறைந்ததும் அடுத்தது. வேலை ஜோராக நடந்தது.

சாயங்காலம் அம்மா குக்கரைத் திறந்தாள். அரிசி அரிசியாகவே தண்ணீரில் கிடந்தது.

அம்மா குக்கரைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். சயோவைப் பார்த்தாள். சயோ எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கம்மா. பெருசாக்காதன்னு சொன்னாரு."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாக்கெட் நூடுல்ஸை எடுத்து அடுப்பில் போட்டாள்.

"என்ன, அரிசி தீர்ந்துபோச்சா?" என்றார் அப்பா, மேசைக்கு வந்து.

"ஆமா," என்றார்கள் அம்மாவும் மகளும் ஒரே குரலில்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மாவின் பையில் இன்னொரு சார்ஜர் இருந்தது. கூடவே ஒரு குவியல் பேட்டரி. மற்ற நர்ஸுகள் கொடுத்தனுப்பியதாம். அந்த வாரம் அப்பா சோற்றை விடப் பாக்கெட் நூடுல்ஸைத்தான் அதிகம் சாப்பிட்டார். பாவம், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பெட்டியில் சட்டைகளை மடித்து வைப்பார், எடுப்பார், திரும்ப மடிப்பார்.

நிறைந்த பேட்டரிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஹோரி அத்தை கடையில் கூட்டம் இல்லை. அவளே பேட்டரியைக் கேமராவுக்குள் தள்ளி, எடுத்த படங்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். பின்பக்கத் திரை வெளிச்சமானது.

திரையில் ஒரு ஆள் இதே கடையில், இதே அடுப்புக்கு முன்னால், கரண்டியைக் கத்திபோலத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அட," என்றாள் ஹோரி அத்தை. "இங்கதான் இருந்தியா நீ."

அவள் அடுப்பை அணைத்தாள். மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். சயோவுக்கும் கெய்தாவுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திட்டு வரேன்," என்றாள் அத்தை. பனிப்புயலுக்கே சாத்தாத கடை அது.

வெள்ளிக்கிழமை பனியும் மழையும் கலந்து கொட்டியது. தொழிற்சாலை வாசலில் ஆட்கள் குடையோடு நின்றார்கள். ரயிலுக்கு வந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் சாலையின் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. ஒவ்வொருவரும் கேமராவைக் கோட்டுக்குள் குழந்தையைப்போல அணைத்துப் பிடித்திருந்தார்கள். அம்மா நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

வேலை முடியும் மணி அடித்தது. கண்ணாடிப் பிரிவு ஆட்கள் கும்பலாக வந்தார்கள். வெளியே நிற்பவர்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள்.

அந்தக் கும்பலில் அப்பா இல்லை.

தொழிற்சாலைக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. சந்தடி பிடிக்காதவர்கள் அந்த வழியாகத்தான் நழுவுவார்கள். அப்பாவுக்குச் சந்தடி பிடிக்காது.

"எங்க அப்பா எங்க, மாமா?" என்று ஒருவரை ஓடிப்போய்க் கேட்டாள்.

"இடத்தைத் துடைச்சுக்கிட்டிருக்கார் பாப்பா. நாங்க துடைச்ச இடத்தையும் சேத்துத் துடைக்கிறார்."

நேரம் போனது. யாரோ தும்மினார்கள். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"என் கடையில நூடுல்ஸ் வேகற வரைக்கும் நிக்கறவங்கதானே நீங்க?" என்று அதட்டினாள் ஹோரி அத்தை. "அதே மாதிரி இங்கயும் நில்லுங்க!"

நின்றார்கள். வெளியே வந்த கண்ணாடிப் பிரிவு ஆட்களும் வீட்டுக்குப் போகாமல் சேர்ந்து நின்றார்கள்.

கடைசியில் கதவு திறந்தது. அப்பா வந்தார். வாசலைப் பார்க்காமல் திரும்பி நின்று, கட்டடத்தை நோக்கி இடுப்பு வளையத் தலை குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. சயோவுக்கு அந்த முதுகைப் பார்க்கவே தாங்கவில்லை.

அவர் நிமிர்ந்து திரும்பினார். கூட்டத்தைப் பார்த்தார்.

"இப்போ!" என்று கத்தினாள் சயோ.

படக். படபடக். படக் படக் படக். தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டினதுபோல இருந்தது. சாலையின் இந்தப் பக்கம் முடிந்தால் அந்தப் பக்கம் ஆரம்பித்தது. அப்பா குடையை விரிக்க மறந்து நனைந்தபடி நின்றார். கண்களை மூடிக்கொண்டார். எத்தனையோ வருடம் அவர் ஒவ்வொன்றாகப் பொருத்தி அனுப்பியவை எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தன.

திடீரென்று அப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

"அந்தச் சத்தம் நம்மளது இல்லையே," என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கெய்தா தன் கேமராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்குங்க மாமா," என்றான். முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுல இருக்கறது வேற கம்பெனிது. அன்னைக்கே சொல்லலாம்னு பார்த்தேன். சயோ அடிச்சிருப்பா."

முதலில் சிரித்தது அப்பாதான். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டு, எல்லோர் முன்னாலும், தோள் குலுங்க அழுதார். அப்பா அழுது சயோ பார்த்ததே இல்லை. ஓடிப்போய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அப்பா கூட்டத்தைப் பார்த்துத் தலை குனிந்தார். கூட்டமும் குனிந்தது. முதலில் நிமிர்ந்தால் மரியாதையில்லையே! அவர் நிமிரட்டும் என்று இவர்களும், இவர்கள் நிமிரட்டும் என்று அவரும் குனிந்தே கிடந்தார்கள். எல்லோர் முதுகிலும் மழை கொட்டியது. "சூப் ஆறிடும், வாங்க எல்லாரும்!" என்று ஹோரி அத்தை சொல்லியிராவிட்டால் ஊரே இன்னும் அப்படித்தான் நின்றிருக்கும்.

வழியில் அப்பா சொன்னார்: "நான் பின்வாசலுக்குத்தான் போனேன். பூட்டு பனில உறைஞ்சுபோச்சுன்னு காவல்காரர் சொல்லிட்டார்."

பின்னால் கேமராவோடு நடந்து வந்த காவல்காரர் ஒன்றும் தெரியாதவர்போல மழையை ரசித்தார். அம்மாவும் மழையை ரசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் பஸ். ரயில்தான் இல்லையே, விமான நிலையம் வரைக்கும் பஸ்தான். நிறுத்தத்தில் மூவரும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"அங்க என்ன வேலைப்பா?"

"புதுக் கேமராவுக்குள்ள இருக்கற குட்டித் திரையைப் பொருத்தற வேலை. எனக்கு ஒண்ணும் தெரியாது. சின்னப் பசங்ககிட்ட கேட்டுக் கத்துக்கணும்."

"பயமா இருக்கா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். போன வாரம் கேட்டிருந்தால் 'அதெல்லாம் இல்ல' என்றிருப்பார்.

"இருக்கு," என்றார்.

"எனக்கும்தான். அஞ்சாம் வகுப்புக்குப் புது டீச்சர்."

"அப்ப ரெண்டு பேரும் போன்ல பேசிப்போம். யாருக்கு அதிகம் பயம்னு."

பஸ் வந்தது. அப்பா ஏறினார். சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சயோ முடிவு செய்திருந்தாள். முடியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள்.

பஸ் நகர்ந்தது. சந்தடி பிடிக்காத அப்பா, இருக்கையை விட்டு எழுந்தார். பெட்டிகளைத் தாண்டி, ஆட்களைத் தாண்டிப் பின்பக்கம் வந்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"பஸ் ஓடும்போது தயவுசெய்து உட்காருங்க," என்று ஓட்டுநர் மைக்கில் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

அப்பா உட்காரவில்லை.